தொடர்பு அட்டைச் செயலியில் வலைப்படத் தேடல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் பேச்சுப் பயிற்சி மையத்துக்காக எழுதப்பட்ட செயலியில் வலைப்படத் தேடல் எப்படிச் சேர்க்கப்பட்டது, பிறகு அது எப்படிப் பெரும்பாலும் வேறொன்றாக மாறியது என்பதை இந்தப் பதிவு விவரிக்கிறது. பேச்சு வராத குழந்தைகளும், ஓரிரு சொற்களோடு நின்றுவிட்ட குழந்தைகளும் படம் போட்ட கட்டத்தைத் தொட்டால், சாதனம் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். பயிற்சியாளர்கள் ஏஏசி (மாற்று, துணைத் தொடர்பு முறை) என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த முறைக்கு, அந்த மையத்தில் அதுவரை லேமினேட் செய்த அட்டைகளும் வெல்க்ரோ ஒட்டிய பலகைகளும்தான் பயன்பட்டு வந்தன.

செயலியை எழுதியவர்கள் இரண்டு நிரலாளர்கள். மூத்த பயிற்சியாளர் ஒருவர் தேவைகளைச் சொன்னார். மையத்தில் இருந்தவை ஐபேடுகள்; பெற்றோரிடம் இருந்தவை பெரும்பாலும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள். இரண்டிலும் ஒரே பலகை ஓட வேண்டும் என்பதால், ஒரே நிரலை இரு இயங்குதளங்களுக்கும் பயன்படுத்த உதவும் ரியாக்ட் நேட்டிவ் தேர்ந்தெடுக்கப்பட்டது. மூவருடனும் பேசியும், நிரலின் மாற்ற வரலாற்றைப் படித்தும் இதை எழுதுகிறேன்.

படங்களுக்கு முதலில் பயன்பட்டது ஸ்பெயின் நாட்டின் அரகோன் மாகாண அரசுக்கு உரிமையான அராசாக் படக்குறித் தொகுப்பு. அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. செயலியும் இலவசம்தான் என்பதால் உரிமத்தில் சிக்கல் எழவில்லை. "வேண்டும்", "போதும்", "வலிக்கிறது" போன்ற சொற்களுக்கு அதன் கோட்டுப் படங்கள் மிகப் பொருத்தமானவை. ஆனால் ஊரில் அன்றாடம் புழங்கும் பொருட்கள் பலவற்றுக்கு அதில் ஏற்ற படம் கிடைக்கவில்லை. இடியாப்பம், ஷேர் ஆட்டோ, வாசல் கோலம், தூளி என்று பயிற்சியாளர் எழுதிக்கொடுத்த பட்டியல் வாரத்துக்கு வாரம் நீண்டது. வலையில் படம் தேடி அட்டையில் வைக்கும் வசதி வேண்டும் என்ற கோரிக்கை அந்தப் பட்டியலிலிருந்தே பிறந்தது.

முதல் வடிவம்

2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிரலாளர்கள் இரண்டு சேவைகளை ஒப்பிட்டார்கள். ஒரு செயலி வெளிச் சேவையிடம் தரவு கேட்கும் வாயிலை ஏபிஐ என்பார்கள். கூகுளின் கஸ்டம் சர்ச் ஏபிஐ நாளொன்றுக்கு 100 தேடல்களை இலவசமாகவும், அதற்கு மேல் 1,000 தேடல்களுக்கு 5 டாலர் கட்டணத்திலும் தந்தது. ஒரு கோரிக்கைக்கு 10 படங்கள், ஒரு தேடலுக்கு மொத்தம் 100 படங்கள் என்பது அதன் எல்லை. பிங் படத்தேடல் ஏபிஐ ஒரே கோரிக்கையில் 150 படங்கள் வரை தந்ததோடு, ஒவ்வொரு படத்துக்கும் சிறுபட முகவரி, மூலப் படத்தின் முகவரி, அது இடம்பெற்ற பக்கத்தின் முகவரி ஆகியவற்றையும் தனித்தனியே கொடுத்தது. கட்டங்களாகப் படம் காட்டும் திரைக்கு இந்த அமைப்பு வசதியாக இருந்ததால் பிங் தேர்வாயிற்று.

சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியான ஏபிஐ கீ செயலிக்குள்ளேயே வைக்கப்பட்டது. தேடுபெட்டியில் ஒவ்வோர் எழுத்து விழும்போதும் கோரிக்கை போனது. தேர்ந்தெடுத்த படத்தின் இணைய முகவரி மட்டும் அட்டையோடு சேமிக்கப்பட்டது, படம் சேமிக்கப்படவில்லை. தேடல் முடிவுகளை நகலெடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று சேவையின் நிபந்தனை இருந்ததால், முகவரியை மட்டும் வைத்துக்கொள்வது அதற்குக் கட்டுப்பட்ட வழி என்று அப்போது கருதப்பட்டது.

கவனித்தவை

நிரலாளர்கள் தங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் சோதித்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. வெளியீட்டு வடிவத்தை நிறுவிய பிறகு சில அட்டைகள் வெறுமையாக நின்றன. பாதுகாப்பற்ற எச்டிடிபி இணைப்புகளை ஐஓஎஸ் 2015இல் வந்த 9 ஆம் பதிப்பிலிருந்தும், ஆண்ட்ராய்டு 2018இல் வந்த 9 ஆம் பதிப்பிலிருந்தும் இயல்பாகவே மறுக்கின்றன. ரியாக்ட் நேட்டிவின் ஆண்ட்ராய்டு வார்ப்புரு சோதனை வடிவத்துக்கு மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தி வைத்திருக்கும். ஆகவே எழுதுபவரின் மேசையில் தெரியும் படம் பயனரின் கையில் தெரியாமல் போகும். தடையையே நீக்கிவிடலாம் என்று ஒரு நிரலாளர் சொன்னார், மற்றவர் மறுத்தார். குழந்தைகள் கையாளும் செயலியில் வந்த முகவரியை எல்லாம் திறந்துவிடுவது நியாயமில்லை என்பதால், அத்தகைய முடிவுகளைக் காட்டாமலே விடுவது என்று தீர்ந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் பயிற்சி அறையில் தெரிந்தது. அறைக்குள் வைஃபை சரியாக எட்டாது. இணைப்பு அறுந்த நேரத்தில் பலகையின் பாதிக் கட்டங்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. இணைப்பு இருந்தபோதும் சில படங்கள் மறைந்தன. மூலத் தளம் படத்தை நீக்கியிருந்தது, அல்லது தன் பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் கோரிக்கையை மறுத்தது. கடைப் பட்டியல் செயலியில் ஒரு படம் வராவிட்டால் அது அழகுக் குறை மட்டுமே. இங்கே அந்தப் படம்தான் அந்தக் குழந்தையின் சொல். தண்ணீர் கேட்கப் பழகிய கட்டம் இன்று வெறுமையாக இருந்தால், குழந்தை பல வாரங்களாகப் பழகியதை அந்த நொடியில் பயன்படுத்த முடியாது. பயிற்சியாளரின் குறிப்பேட்டில் இந்த இடத்தில் அடிக்கோடு இட்ட ஒரே வாக்கியம் இருக்கிறது: "கட்டம் இடம் மாறக் கூடாது, படம் மாறக் கூடாது."

நினைவகச் சிக்கல் பெற்றோரின் கைபேசிகளில் வந்தது. 6000க்கு 4000 அளவுள்ள ஒரு புகைப்படத்தில் 2.4 கோடி படப்புள்ளிகள் இருக்கின்றன. கோப்பு சில மெகாபைட்டுகள்தான் என்றாலும், திரையில் காட்ட அதை விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் 96 மெகாபைட் ஆகிறது. ஒரே பலகையில் இப்படி நான்கைந்து படங்கள் சேர்ந்ததும், எந்த எச்சரிக்கையும் காட்டாமல் செயலி மூடிக்கொண்டது. கட்டத்தின் அகலமோ சில நூறு புள்ளிகளைத் தாண்டாது.

தமிழில் தேடியபோது கிடைத்த படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். "தண்ணீர்" என்று தேடினால் ஒரு டம்ளர் தண்ணீர் முன்னால் வரவில்லை; குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருக்கும் பெண்களின் செய்திப் படங்கள் வந்தன. "அம்மா" என்று தேடினால் அரசியல் தலைவரின் படங்களும் திரைப்படச் சுவரொட்டிகளும் வந்தன. படத்தேடல் பெரிதும் படத்தைச் சுற்றியுள்ள எழுத்தை நம்பியிருக்கிறது. வலையில் உள்ள தமிழ் எழுத்தில் செய்தியும் சினிமாவும் பெரும் பங்கு என்பதால் இந்த முடிவுகளில் வியப்பில்லை என்பது என் கணிப்பு. கடுமையான பாதுகாப்பு வடிகட்டி இயக்கத்தில்தான் இருந்தது. ஆனால் விபத்துச் செய்திப் படங்களும் காயப் படங்களும் அதற்குள் சிக்கவில்லை.

குறியாக்கத்தில் வந்த பிழைகள் சிறியவை என்றாலும் கண்டுபிடிக்க நேரம் பிடித்தன. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு (%) மூன்று குறிகளாக எழுதப்படுவதால் அது 9 குறிகளாக விரியும். நிரலாளர் சொல்லைத் தாமே குறியாக்கிக் கொடுக்க, கோரிக்கை அனுப்பும் நூலகமும் தன் பங்குக்கு மறுபடி குறியாக்கியதில், விழுக்காட்டுக் குறி ஒவ்வொன்றும் "%25" ஆகிப் போய்ச் சேர்ந்தது. தமிழ்த் தேடல்கள் மட்டும் வெறுங்கையோடு திரும்பின. ஆங்கிலச் சொற்களில் குறியாக்க வேண்டிய எழுத்தே இல்லாததால் சோதனையில் இது தெரியவில்லை. இன்னொன்று ஒரு தாயின் கைபேசியில் மட்டும் வந்தது. "கொய்யா" என்ற அட்டை ஏற்கெனவே இருந்தும் செயலி அதை அடையாளம் காணாமல் புதிய அட்டை கேட்டது. ஒகரத்தின் உயிர்மெய்க் குறியை ஒரே யூனிகோடு எழுத்தாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஒப்பிடும் நிரலுக்கு வெவ்வேறு. அவருடைய விசைப்பலகை இரண்டாம் வகையைத் தந்திருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இடையில் ஒரு சிறிய சர்வர். ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பு அடிப்படையில் ஒரு ஜிப் கோப்புதான். அதைப் பிரித்து ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக்குள் எழுத்துத் தொடர்களைத் தேடினால் ஏபிஐ கீ அப்படியே கிடைக்கும். தொகுப்பு, ரியாக்ட் நேட்டிவின் ஹெர்மிஸ் இயந்திரத்துக்கான பைட்குறியாக மாற்றப்பட்டிருந்தாலும் எழுத்துத் தொடர்கள் மறைவதில்லை. கீ சர்வருக்குப் போன பிறகு, யூனிகோடு இயல்பாக்கம் (இரு வகையாக எழுதப்பட்ட ஒரே எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல்), எச்டிடிபி முடிவுகளை விலக்குதல், பயனருக்கு இத்தனை தேடல் என்ற வரம்பு ஆகிய மூன்றையும் அங்கேயே செய்ய முடிந்தது. செயலியின் புதிய பதிப்பை வெளியிடாமலே இவற்றை மாற்றலாம் என்பது அப்போது துணைப் பயனாகத் தோன்றியது; பின்னால் அதுவே முக்கியப் பயனாயிற்று. எழுத்துக்கு எழுத்து தேடுவதும் நிறுத்தப்பட்டு, பொத்தானை அழுத்தினால் மட்டுமே தேடும்படி ஆனது. அரைச் சொற்களுக்கெல்லாம் ஒதுக்கீடு செலவாவது இதனால் நின்றதோடு, முந்தைய தேடலின் பதில் தாமதமாக வந்து புதிய தேடலின் படங்களை மூடிவிடும் கோளாறும் ஏறத்தாழ ஒழிந்தது.

இரண்டாம் முடிவுதான் செயலியின் போக்கை மாற்றியது. அட்டைக்குள் போகும் படம் சாதனத்திலேயே கோப்பாக இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் உறுதியாக நின்றார். நகலெடுத்து வைத்துக்கொள்ள அனுமதியில்லாத தேடல் முடிவை அப்படி வைக்க இயலாது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு படைப்பைப் படியெடுப்பதை இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு விலக்காகக் கருதுகிறதே என்ற வாதம் எழுந்தது. ஆனால் பயிற்சி மையம் அந்த வரையறைக்குள் வருமா என்பது ஒரு கேள்வி; சட்டம் விட்டாலும் சேவையின் ஒப்பந்தம் விடுமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டு இழுபறிகளின் மேல் ஒரு செயலியைக் கட்ட வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது சரியே.

எனவே தேடல் இரண்டாகப் பிரிந்தது. திறந்த உரிமப் படங்களின் தொகுப்பான விக்கிமீடியா காமன்ஸ், அத்தகைய படங்களைத் தேடித் தரும் ஓப்பன்வெர்ஸ் ஆகிய இரண்டிலும் தேடிக் கிடைக்கும் உரிமத் தெளிவுள்ள படங்களை அட்டையில் வைக்கலாம். பிங் முடிவுகளைப் பார்க்க மட்டும் செய்யலாம். தொட்டால் மூலப் பக்கம் உலாவியில் திறக்கும், அட்டைக்கு வராது.

காமன்ஸில் தமிழ்ச் சொல்லை நேரடியாகத் தேடினால் மிகச் சில படங்களே கிடைத்தன. அதனால் சொல்லை முதலில் விக்கிமீடியாவின் பன்மொழித் தரவுத்தளமான விக்கித்தரவில் தேடி, அதில் தமிழ்ப் பெயர் உள்ள உருப்படியைக் கண்டு, அந்த உருப்படியைச் சித்திரிப்பதாகக் குறிக்கப்பட்ட படங்களைக் காமன்ஸில் கேட்கும்படி அமைத்தார்கள். "மாலை" என்று கொடுத்தால் பூமாலையும் பொழுதும் தனித்தனி வரியாக விளக்கத்தோடு வரும். எது வேண்டும் என்று பயிற்சியாளரே தொடுவார். கூடுதலாக ஒரு தொடுகை தேவைப்பட்டாலும், அரசியல் படங்களுக்கும் செய்திப் படங்களுக்கும் நடுவில் துழாவும் வேலை இதனால் பெருமளவு குறைந்தது. விக்கித்தரவில் தமிழ்ப் பெயர் இல்லாத பொருட்களுக்கு மையமே ஒரு சிறு சொற்பட்டியல் வைத்துக்கொண்டது. முழு அளவுப் படத்துக்குப் பதிலாக 640 புள்ளி அகலச் சிறுபடத்தைச் சர்வர் கேட்டு வாங்குவதால் நினைவகச் சிக்கலும் இத்தோடு தீர்ந்தது.

படத்தின் ஆசிரியர் பெயர், உரிமத்தின் பெயர், பக்க முகவரி மூன்றும் அட்டையோடு சேமிக்கப்பட்டன. காமன்ஸ் தரும் ஆசிரியர் பெயர் பல நேரங்களில் எச்டிஎம்எல் குறிகளோடு வரும். அவற்றைக் களையாமல் காட்டினால் பெயருக்குப் பதிலாக அடைப்புக்குறிகள் தெரியும். இந்த விவரங்களைக் குழந்தையின் பலகையில் எழுத இடமுமில்லை, அங்கே அவை கவனத்தைச் சிதறடிக்கவும் செய்யும். ஆகவே திருத்தும் திரையிலும், அச்சிட்ட பலகையின் கடைசிப் பக்கத்திலும் வைக்கப்பட்டன.

மூன்றாவது, பூட்டு. காமன்ஸ் தன் தொகுப்பைக் குழந்தைகளுக்கென வடிகட்டுவதில்லை. உடற்கூறு, மருத்துவப் படங்களும் அதில் உண்டு. தேடல் திரை பயிற்சியாளரின் அல்லது பெற்றோரின் எண் பூட்டுக்குப் பின்னால் போனது. குழந்தையின் பலகை இணையத்தோடு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளாது. எத்தனை நல்ல வடிகட்டி இருந்தாலும் இந்தப் பிரிப்பு வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன்.

நான்காவது முடிவு ஒரு தாயின் சொல்லிலிருந்து வந்தது. காமன்ஸிலிருந்து எடுத்த அழகான கண்ணாடிக் குவளைப் படத்தைக் காட்டியபோது அவர் பயிற்சியாளரிடம் சொன்னது இது: "மேடம், எங்க வீட்ல சில்வர் டம்ளர்தான். இந்தக் கிளாஸைக் காட்டினா அவனுக்கு என்னன்னே தெரியல." தேடல் திரையின் மேல் வரிசையில், எல்லா முடிவுகளுக்கும் முன்னால், கேமரா பொத்தான் வைக்கப்பட்டது. எடுத்த படத்திலிருந்து இடக் குறிப்பு நீக்கப்படும். படம் சர்வருக்குப் போகாது, சாதனத்திலேயே இருக்கும். குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதால், சேகரிக்காமல் இருப்பதே எளிய வழியாகவும் இருந்தது.

இரண்டாம் வடிவத்துக்குப் பின்

படங்கள் கோப்புகளாகச் சேமிக்கப்பட்ட பிறகு சில வாரங்கள் எந்தப் புகாரும் இல்லை. அடுத்த பதிப்பு வெளியானதும் ஐபேடுகளில் மட்டும் பலகைகள் வெறுமையாயின. ஆண்ட்ராய்டில் ஒரு குறையும் இல்லை. கோப்பின் முழுப் பாதையும் தரவுத்தளத்தில் எழுதப்பட்டிருந்தது. செயலி புதுப்பிக்கப்படும்போது ஐஓஎஸ் அதன் கோப்புறைக்கு வேறு பாதை தரக்கூடும். கோப்புகள் பத்திரமாக இருக்கும், எழுதி வைத்த பாதைதான் பழையதாகிவிடும். கோப்பின் பெயரை மட்டும் சேமித்து, திறக்கும் நேரத்தில் பாதையைச் சேர்த்துக்கொள்ளும்படி மாற்றியதும் படங்கள் திரும்ப வந்தன. அதே ஆய்வில், சில படங்கள் தற்காலிகக் கோப்புகளுக்கான கேஷ் கோப்புறையில் இருப்பதும் தெரிந்தது. சாதனத்தில் இடம் குறைந்தால் இரண்டு இயங்குதளங்களும் அந்தக் கோப்புறையைக் கேட்காமலே காலி செய்துவிடும் என்பதால் அவை நிலையான கோப்புறைக்கு நகர்த்தப்பட்டன.

2025 மே மாதத்தில் பிங் தேடல் ஏபிஐகள் நிறுத்தப்படுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது; ஆகஸ்ட் 11 அன்று அவை நின்றன. மாற்றாகச் சொல்லப்பட்டது செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான தேடல் சேவை. படங்களைப் பட்டியலாகத் தரும் பழைய வேலைக்கு அது பொருந்தவில்லை. இத்துறையில் இது முதல் முறையுமன்று: கூகுள் தனது படத்தேடல் ஏபிஐயைக் கைவிடுவதாக 2011இலேயே அறிவித்திருந்தது. அதை நம்பி எழுதப்பட்ட செயலிகள் அப்போது வேறு வழி தேட வேண்டியிருந்தது.

விளைவு

இரண்டாம் வடிவத்தில் உருவான எந்த அட்டையும் நின்றுபோன சேவையைச் சார்ந்திருக்கவில்லை. பிங் முடிவுகளைக் காட்டிய "வலையில் பார்" என்ற பகுதியைச் சர்வரிலிருந்தே மறைத்துவிட்டார்கள்; செயலியின் புதிய பதிப்பு எதுவும் தேவைப்படவில்லை. அதைக் கேட்டுப் பயிற்சியாளர் ஒருவர் மட்டும் தொலைபேசியில் பேசினார். அவர் அதைப் பயன்படுத்தி வந்தது அட்டை செய்வதற்கல்ல. கோயில் திருவிழா, ரயில் பயணம் போன்றவற்றைக் குழந்தைக்கு முன்கூட்டிக் காட்டுவதற்கு. அந்தத் தேவைக்கு அவர் இப்போது உலாவியைத் திறக்கிறார்.

முதல் வடிவத்தின் அட்டைகள்தான் சுமையாயின. முகவரி மட்டும் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுப் படம் வைக்க வேண்டியிருந்தது. பழகிய படத்தை மாற்றுவது குழந்தையைக் குழப்பும் என்பதால், மறையாத படங்களுக்கும் அவசரப்படாமல், சொல்லுக்குச் சொல் பெற்றோரிடம் பேசி, பழைய படத்தையும் புதிய படத்தையும் சில நாட்கள் அருகருகே காட்டி மாற்றினார்கள். நிரலாளர்களின் திட்டத்தில் இந்த வேலைக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. முழுவதையும் பயிற்சியாளர்கள் சுமந்தார்கள்.

வீட்டுப் பொருட்கள், உணவு, உறவினர் ஆகியவற்றுக்குப் பெற்றோர் இப்போது பெரும்பாலும் கேமராவையே நாடுகிறார்கள். விலங்குகள், வாகனங்கள், இடங்கள் ஆகியவற்றுக்குக் காமன்ஸ். வினைச்சொற்களுக்கு இன்றும் அராசாக்கின் கோட்டுப் படங்களே. "கொடு" என்பதைப் புகைப்படத்தில் காட்ட முயன்றால் குழந்தை கையைப் பார்ப்பதில்லை, கையிலுள்ள பொருளைத்தான் பார்க்கிறது.

மாற்ற வேண்டியவை

இதே வேலையை மறுபடி தொடங்கினால், முதல் நாளே அட்டையின் தரவு அமைப்பை எழுதிவிட்டு அதன் பிறகே தேடல் சேவையைத் தேர்ந்தெடுப்போம் என்று இரு நிரலாளர்களும் சொல்கிறார்கள். கோப்புப் பெயர், மூலம், ஆசிரியர், உரிமம், சேர்த்தவர் ஆகிய புலங்கள் முதலிலேயே இருந்திருந்தால், எழுத இடமில்லாத ஒரு மூலத்தை ஏற்கும்போதே கேள்வி எழுந்திருக்கும். சோதனைச் சொற்களின் பட்டியலில் ஆங்கிலச் சொற்களோடு ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் உள்ள தமிழ்ச் சொற்களும் இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு பதிப்பையும் ஐபேடில் பழைய பதிப்பின் மேலேயே நிறுவிச் சோதிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக நிறுவிப் பார்ப்பதில் பாதைக் கோளாறு வெளிப்படாது.

கேமராவை முதலில் வைத்திருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். இதில் நான் முழுதும் உடன்படவில்லை. தேடலில் கிடைத்த கண்ணாடிக் குவளையைப் பார்த்த பிறகுதான் அந்தத் தாய்க்குத் தன் வீட்டு டம்ளரைப் படமெடுக்கத் தோன்றியது. வெறும் கேமராப் பொத்தானை மட்டும் கொடுத்திருந்தால் எதை எடுப்பது என்று பெற்றோர் தயங்கியிருப்பார்கள்.

ஒரு வேலை இன்னும் முடியவில்லை. 2025 தொடக்கத்தில் அச்சிட்டு வீடுகளுக்குக் கொடுத்த பலகைகளில் படங்களின் ஆசிரியர் பெயர்கள் இல்லை. அவற்றில் முதல் வடிவக் காலத்து வலைப் படங்களும் இருக்கின்றன. பெற்றோர் அடுத்த மதிப்பீட்டுக்கு வரும்போது பழைய பலகையை வாங்கிக்கொண்டு புதியதை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள்.